வயலைப் பார்ப்பவன் யார்?

சிறுபோக நெல் பச்சை பிடிக்குமுன்னரே பீடைநாசினிக் கடையில் கமக்காரனின் கடன்கணக்குத் தொடங்கிவிடுகிறது. எந்தப் பூச்சி, எத்தனை பூச்சி என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. எந்தப் போத்தல் என்பதே பேச்சு. இந்த வியாபாரத்துக்கு விஞ்ஞானம் என்று பெயர் வேறு!

அறக்கொட்டியைப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நெற்பயிரின் அடித்தண்டில் அமர்ந்து அது சாற்றை உறிஞ்சுகிறது. அதைத் தின்னும் சிலந்திகளும், அதன் முட்டைகளை அழிக்கும் நாவாய்ப் பூச்சிகளும் அதே வயலில் வாழ்கின்றன. கண்டபடி விசிறும் நஞ்சு இக்காவலரைக் கொல்கிறது. தண்டினுள் மறைந்த முட்டைகளோ தப்பிப் பொரிக்கின்றன. மிகையான யூரியா அவற்றின் பெருக்கத்துக்குத் துணைபோகிறது. வயல் வட்டம் வட்டமாகக் கருகியபின் இன்னொரு போத்தல் விலைப்படுகிறது.

இந்தோனேசியா 1986இல் நெற்செய்கைக்கு 57 பீடைநாசினிகளைத் தடைசெய்தது. 1989 முதல் வயற் பாடசாலைகளை நடத்தி, வாரந்தோறும் பயிரைப் பிரித்துப் பார்க்கவும், பகைப்பூச்சியையும் நட்புப்பூச்சியையும் எண்ணி முடிவெடுக்கவும் உழவருக்குக் கற்பித்தது. விளைச்சல் வீழ்ந்துவிடவில்லை. இலங்கையிலோ 2021இல் இரசாயன உரமும் நாசினியும் திடீரெனத் தடைசெய்யப்பட்டன. மாற்றுவழி பழக அவகாசமில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை சரிந்தது. கடைக்காரனும் கட்டளையிட்டவனும் ஒன்றிலே ஒத்துப்போகிறார்கள்: கமக்காரனின் கண்ணை இருவரும் நம்பவில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! பூச்சியியலைப் பரீட்சை மண்டபத்தில் பூட்டி வைத்தது போதும். அதனை வரப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். பூச்சியை எண்ணத் தெரிந்த உழவனை எந்தக் கம்பனியும் எளிதில் ஏமாற்ற முடியாது.