வெள்ளைப் பளிங்கு என்ற பாடம்

கிரேக்கச் சிலை என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்பது தூய வெள்ளைப் பளிங்கு. இந்த வெண்மையைக் கிரேக்கர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அவர்கள் செதுக்கிய தெய்வங்களுக்குக் கருவிழி தீட்டியிருந்தது. உதட்டிலும் கூந்தலிலும் சிவப்பு, உடையில் நீலமும் பச்சையும் பூசியிருந்தது. மண்ணுக்குள் கிடந்த காலத்தில் அந்த வண்ணத்தில் பெரும்பகுதி உதிர்ந்துபோனது. ஆனால், உதிர்ந்ததை மறக்கவைத்த பழி மண்ணைச் சேராது; அதில் வகுப்பறைக்குத்தான் பெரும்பங்கு.

பண்டைக் கலையின் வரலாற்றை 1764-இல் எழுதி வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் விங்கல்மன், உடல் எவ்வளவு வெண்மையோ அவ்வளவு அழகு என்றார். அவர் கிரேக்க மண்ணை மிதித்ததே இல்லை. ரோமில் கிடைத்த சிலைகளை வைத்து எழுதியவர். அந்த ரசனையை மாணவர்களிடம் கொண்டுசேர்த்தவை பிளாஸ்டர் நகல்கள். மூலச் சிலைமீது அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி எடுத்த வெள்ளை உருவங்கள் ஐரோப்பியக் கலைப்பள்ளிகளில் வரிசையாக நின்றன. மாணவன் உயிருள்ள மனிதரைப் பார்த்து வரைவதற்கு முன்பு, மாதக்கணக்கில் இவற்றைப் பார்த்து நிழலும் ஒளியும் பழக வேண்டும். பம்பாயில் 1857-இல் தொடங்கிய ஜே.ஜே. கலைப்பள்ளிக்கும் அந்த முறை வந்துசேர்ந்தது. வெள்ளையையே பார்த்துக் கை பழகியவனுக்கு, வண்ணம் என்பது ஒப்பனையாகவும் கொச்சையாகவும்தானே தோன்றும்?

அச்செடுத்ததில் இன்னொரு கேடும் நடந்தது. அச்சை ஒட்டிப் பிரித்தபோதும், பிறகு காரநீர் போட்டுக் கழுவியபோதும், கல்லில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச நிறமியும் போய்விட்டது. அதாவது நகல் வெள்ளையாக இருந்தது மட்டுமல்ல, மூலத்தையும் வெள்ளையாக்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1937-38-இல், ஏதென்ஸின் பார்த்தினன் கோயில் சிற்பங்களை உலோகக் கருவிகளால் சுரண்டியே ‘சுத்தம்’ செய்தார்கள். புதிய கூடத்துக்குப் பணம் கொடுத்த செல்வந்தருக்கு அவை இன்னும் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று ஆசை!

சான்று இல்லாமல் நேர்ந்த பிழை இது என்று சமாதானம் சொல்ல முடியாது. தன் சிலைகளில் எவை சிறந்தவை என்று கேட்டபோது, ஓவியர் நிகியாஸ் கைபட்டவையே என்று சிற்பி பிராக்ஸிடிலீஸ் சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்திருக்கிறார். கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் நாடகத்தில் வரும் ஹெலன், சிலையின் சாயத்தைத் துடைப்பதுபோலத் தன் அழகையும் துடைத்தெறிய முடியாதா என்று ஏங்குகிறாள். கிரேக்க மொழியைக் கரைத்துக் குடித்த பேராசிரியர்கள் இவற்றைப் படிக்காதவர்களா என்ன? படித்தார்கள், கண் ஒப்பவில்லை. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஓவன் ஜோன்ஸ் 1854-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பார்த்தினன் சிற்ப வரிசையின் நகல்களுக்கு வண்ணம் பூசிக் காட்டியபோதும் பலர் முகம் சுளித்தார்கள்.

அந்தப் பார்வை அசைந்ததில் ஒரு மாணவருக்கு முக்கியமான பங்கு உண்டு. 1980-களின் தொடக்கத்தில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்துக்கொண்டிருந்த வின்சென்ஸ் பிரிங்க்மன் தேடியது வண்ணத்தை அல்ல. உளி பட்ட தடங்களை. அதற்காக விளக்கைக் கல்லின் மேற்பரப்பையொட்டிச் சாய்த்துப் பிடித்தார். நேர்வெளிச்சத்தில் மழமழவென்று தெரிந்த பளிங்கில், பக்கவெளிச்சம் பட்டதும் மெல்லிய மேடும் பள்ளமும் எழுந்தன. ஒவ்வொரு நிறமியும் அடியிலுள்ள கல்லை ஒவ்வொரு அளவில்தான் காக்கும். நீடித்த நிறமி இருந்த இடத்தில் கல் அரிக்கப்படாமல் நின்றது. சீக்கிரம் உதிர்ந்த இடம் தேய்ந்தது. நிறம் போன பிறகும் கோலம் கல்லிலேயே தங்கிவிட்டது. பிரிங்க்மனும் உல்ரிகே கோஹ்-பிரிங்க்மனும் உருவாக்கிய வண்ண நகல்கள் 2003-இல் மியூனிக் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வந்தன. ஈஜினா தீவுக் கோயிலின் வில்லாளி, கையிலும் காலிலும் பல வண்ணக் கட்டங்களோடு முழந்தாளிட்டிருந்தான். கருவிகள் பின்னர் இன்னும் கூர்மையடைந்தன. சிவப்பு ஒளி பட்டால் ‘எகிப்திய நீலம்’ என்ற நிறமி அகச்சிவப்புக் கதிரை உமிழும். இந்த முறையில்தான், பார்த்தினன் சிற்பங்களில் ஒன்றான ஐரிஸ் தேவதையின் இடைக்கச்சையில் அந்த நீலம் 2009-இல் கண்டுபிடிக்கப்பட்டது.

இவ்வளவு தெரிந்தபின் வண்ண நகலை நிறுத்திவைத்தால் பாடம் முடிந்ததா? முடியவில்லை என்பதே என் கருத்து. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் 1886-இல் கிடைத்த ‘பெப்லோஸ் கோரே’ என்ற பெண் சிலையையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம், பொ.ஆ.மு. 530 வாக்கில் செதுக்கப்பட்டது. கூந்தலிலும் உதட்டிலும் சிவப்பு இன்றும் தெரிகிறது. 450-க்கும் மேற்பட்ட நகல்கள் உள்ள கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகம் 1975-இல் இதன் நகலுக்கு வண்ணம் தீட்டியது. அதில் அவள் பளிச்சென்று உடுத்திய ஓர் இளம்பெண். பிரிங்க்மன் குழுவின் ஆக்கத்திலோ, உடையின் முன்புறத்தில் விலங்கு உருவங்கள் வரிசைகட்ட, அவள் தெய்வமாகிவிடுகிறாள். ஒரே கல், இரண்டு பெண்கள்! வண்ண நகல்கள் சில தட்டையாக, கடைப் பொம்மை போல இருக்கின்றன என்ற விமர்சனத்திலும் நியாயம் இருக்கிறது. நிழலும் மென்மையும் அறிந்த ஓவியர்கள் பண்டைய உலகில் இருந்தார்கள் என்பதற்கு எகிப்தின் ஃபயூம் முகச்சித்திரங்களே சாட்சி.

சந்தேகம் இத்தனை இருந்தும் வெள்ளைக்குத் திரும்ப வழியில்லை. பழைய சிலைகள் பலவற்றில் வண்ணம் இருந்தது என்பதை 2017-இல் எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியர் சாரா பாண்டுக்கு மிரட்டல்கள் வந்தன. நிறவெறியர்கள் தங்கள் சுவரொட்டிகளில் வெள்ளைச் சிலைகளை அச்சிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கல்லின் நிறத்தைத் தோலின் நிறமாகப் படிக்கும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆகவே, மாணவர் கையில் முடிந்த நகலைவிட இன்னும் முடியாத வேலையைக் கொடுப்பதே நல்லது. காவி, சாதிலிங்கம், மஞ்சிட்டிச் சாயம், முட்டைக் கரு ஆகியவற்றை அவர்களே குழைத்து, பளிங்குத் துண்டின்மீது பூசிப் பார்க்கட்டும். ஒரே நிறம் ஒரு பூச்சில் எப்படித் தெரிகிறது, மூன்று பூச்சில் எப்படித் தெரிகிறது என்பதை எந்தப் புத்தகமும் கண்ணுக்குக் காட்டாது. அருங்காட்சியகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வெறும் கல்லின் படம், வெள்ளை நகல், வண்ண நகல் மூன்றையும் அருகருகே வையுங்கள். வண்ண நகலில் எந்தெந்த இடத்துக்குச் சான்று உண்டு, எந்தெந்த இடம் ஊகம் என்பதைச் சிலையின் காலடியிலேயே எழுதிவையுங்கள்.