‘வயிறு வலிக்குது, ஸ்கூலுக்குப் போகல’: புல்லியிங்கைப் பிள்ளைகள் ஏன் வாய்விட்டுச் சொல்வதில்லை?

2023 ஆகஸ்ட் 9-ம் தேதி இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவர் ஒருவர் வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இந்த வழக்கில் பிடிபட்டவர்களில் அவருடன் ஒரே பள்ளியில் படித்த மாணவர்களும் இருந்தார்கள்.

அரிவாள்தான் தலைப்புச் செய்தி ஆனது. ஆனால், அதற்கு முன்பு நடந்ததையும் கவனிக்க வேண்டும். சாதியைச் சொல்லிச் சீண்டுவது பள்ளியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. அந்த மாணவர் சில நாட்கள் பள்ளிக்கே போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்து, புகாரானது. புகார் கொடுத்த அன்றிரவே தாக்குதல் நடந்தது என்று அப்போதைய செய்திகள் சொல்கின்றன.

பள்ளியில் நடக்கும் புல்லியிங் பற்றிய இரண்டு முக்கியமான கேள்விகள் இதில் இருக்கின்றன. பிள்ளை சொல்வதற்கு முன்பே பெரியவர்கள் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சொன்ன பிறகு பிள்ளையை யார் பாதுகாப்பது?

கலாய்ப்பது வேறு, புல்லியிங் வேறு

‘சும்மா விளையாட்டுக்குப் பண்ணோம் சார்’ என்பதுதான் எல்லாப் பள்ளிகளிலும் வழக்கமான பதில். நண்பர்கள் ஒருவரையொருவர் ஓட்டுவதும் உண்மைதான். கோடு எங்கே?

நார்வே உளவியலாளர் டான் ஓல்வியஸ் சொன்ன மூன்று அளவுகோல்கள் இன்றும் பயன்படுகின்றன. காயப்படுத்தும் நோக்கம் இருக்க வேண்டும், திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், இரண்டு பேருக்கும் சம பலம் இருக்கக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியம். திருப்பிக் கலாய்க்க முடிந்தால் அது விளையாட்டு. முடியவில்லை என்றால் அது புல்லியிங்.

அந்தப் பலம் உடம்பில் மட்டும் இல்லை. சாதி, நிறம், உடல் எடை, வீட்டு வசதி, இங்கிலீஷ் பேசும் விதம் எல்லாமே பலமாகலாம். இப்போது வாட்ஸ்அப் குரூப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்துவிட்டன. முன்பெல்லாம் பள்ளி மணி அடித்தால் தொல்லை நின்றது. இப்போது அது பிள்ளையின் படுக்கை வரை வருகிறது.

மனதுக்குள் என்ன நடக்கிறது?

பதின்ம வயதில் அம்மா அப்பாவின் பாராட்டைவிட, கூட இருப்பவர்களின் அங்கீகாரம் பெரிதாகத் தெரியும். ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு வகுப்பறைதான் கண்ணாடி. அந்தக் கண்ணாடி தினமும் ‘நீ ஒண்ணுமே இல்ல’ என்று சொன்னால், ஒரு கட்டத்தில் பிள்ளை அதை நம்பத் தொடங்கிவிடும். தப்பு செய்பவர்கள் எதிரே இருக்க, வெட்கப்படுவது பாதிக்கப்பட்ட பிள்ளை. வாய் திறக்காததற்கு இது முதல் காரணம். ‘சொன்னா இன்னும் அடிப்பாங்க’ என்ற பயம் அடுத்தது.

சொல்லாதது நடத்தையில் தெரியும். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்று வலி, தலைவலி. தூக்கம் கெடும், மார்க் குறையும், பிடித்த விளையாட்டு கசக்கும். போனைப் பார்த்ததும் முகம் மாறும். சிலர் ஒடுங்கிப்போவார்கள். சிலர் வீட்டில் தம்பி தங்கையிடம் எரிந்து விழுவார்கள். இவற்றில் ஏதோ ஒன்று இருந்தாலே புல்லியிங் என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் திடீர் மாற்றம் நீடித்தால் விசாரிக்க வேண்டும். நம் வீடுகளில் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சோம்பேறித்தனம்’ அல்லது ‘திமிர்’. பிள்ளை கொடுக்கும் சிக்னல் அங்கேயே தொலைந்துவிடுகிறது.

வளர்ந்தால் சரியாகிவிடுமா?

பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் 7,771 பேரைப் பற்றிய ஆய்வு 2014-ல் வெளியானது. 7 வயதிலும் 11 வயதிலும் அடிக்கடி புல்லியிங்குக்கு ஆளானவர்களிடம், ஏறக்குறைய 40 ஆண்டுகள் கழித்தும் மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. அவர்களுடைய உறவுகளிலும் பொருளாதார நிலையிலும்கூட அதன் தடம் தெரிந்தது.

எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ‘நாங்கல்லாம் இதைத் தாண்டித்தான் வந்தோம்’ என்ற வாதம் இங்கே நிற்காது.

தொல்லை கொடுக்கும் பிள்ளைக்கும் இதில் நஷ்டம் உண்டு. பயமுறுத்தினால் மரியாதை கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும் பிள்ளை, அந்தப் பாடத்தைப் பள்ளிக்கு வெளியேயும் கொண்டுபோகும். நாங்குநேரி வழக்கில் பதின்ம வயதுப் பையன்கள் சிறார் நீதி நடைமுறைக்குள் போனதும் இதே கதையின் இன்னொரு பக்கம்தான்.

சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும்?

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் வந்த அறிக்கை, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது உள்ளிட்ட பல பரிந்துரைகளைச் செய்தது. கயிற்றைக் கழற்றுவது தேவைதான். அதோடு, புகார் சொன்ன பிள்ளைக்கு அடுத்த சில மணி நேரத்தில் என்ன பாதுகாப்பு என்பதும் ஒவ்வொரு பள்ளியிலும் தெளிவாக இருக்க வேண்டும்.

இரண்டு தரப்பையும் எதிரெதிரே நிறுத்தி ‘கை குலுக்கிட்டுப் போங்க’ என்று அனுப்புவது தீர்வாகாது. சம பலம் இல்லாத இடத்தில் சமாதானம் என்பது மிரட்டலுக்கு இன்னொரு வாய்ப்பு. புகார் சொன்னவரின் பெயர் கசியக் கூடாது. போகிற வழி, பஸ், டியூஷன் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டும். மிரட்டல் இருந்தால் அன்றைக்கே போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வேடிக்கை பார்ப்பவர்களும் முக்கியம். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘கிவா’ திட்டம் அவர்களைத்தான் குறிவைக்கிறது. சிரிக்க ஆள் இல்லை என்றால் சீண்டுபவருக்கு மேடை இல்லை. 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளில் இது பரவலாக நடைமுறைக்கு வந்தது.

வீட்டில் இருப்பவர்கள் முதலில் தவிர்க்க வேண்டிய கேள்வி, ‘நீ என்ன பண்ண?’ அதற்குப் பதிலாக, ‘எவ்வளவு நாளா நடக்குது? இப்போ உனக்கு எங்க பயமா இருக்கு?’ என்று கேட்கலாம். அம்மா அப்பாவிடம் சொல்லத் தயங்கும் பிள்ளை, வேலைக்குப் போகும் அண்ணனிடமோ அக்காவிடமோ முதலில் சொல்லும். பிள்ளையைக் கேட்காமல் நேராகப் பள்ளிக்குப் போய்ச் சண்டை போடுவது, அடுத்த முறை வாய் திறக்கும் தைரியத்தையும் எடுத்துவிடும்.

தேதி, ஸ்கிரீன்ஷாட், யார் கூட இருந்தார்கள் என்பதைக் குறித்துவைத்து, பள்ளியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416. மூன்றும் கட்டணமில்லா எண்கள். ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் மிரட்டலாக எடுத்துக்கொள்ளாமல், தனியாக விடாமல், உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.