ரயிலேறி வந்தவர்களின் ஓவியர்

நவீன ஓவியம் என்றவுடன் முகஞ்சுளிப்பது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. கோணலும் மாணலுமாகக் கிறுக்கிவிட்டு அதற்கொரு பெயரும் சூட்டிவிட்டால் ஓவியமாகிவிடுமா என்று கேட்பார் ஒரு சாரார். மற்றொரு சாராரோ நவீனத்தின் காவலர்கள். ஓவியத்தில் கதை இருத்தலாகாது, வரலாறு இருத்தலாகாது, மனித உருவமும் இருத்தலாகாது. வண்ணமும் வடிவமும் மட்டுமே கலை என்று இவர்கள் சட்டம் இயற்றுவர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் இகழ்ந்து பேசினும் ஒரு கருத்தில் மட்டும் கைகோத்து நிற்கின்றனர். நவீன ஓவியத்துக்கும் சாமானிய மனிதனின் வாழ்வுக்கும் தொடர்பில்லை என்பதே அக்கருத்து. அது பொய் என்கிறோம் நாம். சான்றாக அமெரிக்க ஓவியர் ஜேக்கப் லாரன்ஸை முன்னிறுத்துகிறோம்.

லாரன்ஸ் 1917-இல் நியூஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டியில் பிறந்தவர். தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த கறுப்பினப் பெற்றோரின் மைந்தர். பெற்றோர் பிரிந்தனர், சில காலம் பிறர் வீட்டில் வளர்ந்தார். 13 வயதில் தாயிடம் வந்து சேர்ந்த இடம் நியூயார்க்கின் ஹார்லம் பகுதி. தாய் வேலைக்குச் சென்ற பொழுதுகளில் சிறுவன் தெருவில் அலையாதிருக்க, பள்ளி முடிந்தபின் நடைபெற்ற கலை வகுப்பில் சேர்க்கப்பட்டான். அங்கே சார்லஸ் ஆல்ஸ்டன் என்னும் ஓவியர் ஆசிரியராக வாய்த்தார். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட அவ்விளைஞருக்கு, சிற்பி அகஸ்டா சாவேஜின் முயற்சியால் 1938-இல் அரசின் கலைத் திட்டத்தில் வேலை கிடைத்தது. வறுமையில் வாடிய கலைஞனுக்கு அரசு சம்பளம் அளித்தது வீண் செலவு என்று இன்றும் சொல்வோர் உளர். அச்செலவு ஈன்ற பயனை மேலே காண்க.

1910-க்கும் 1970-க்கும் இடையில் ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டு வடக்கும் மேற்கும் நோக்கிச் சென்றனர். பருத்தியைப் பூச்சி அரித்தது, வெள்ளம் வயலை அழித்தது, கூலியோ அற்பம், நீதிமன்றமோ அவர்களுக்குரியதன்று, எல்லாவற்றுக்கும் மேலாகக் கும்பல் கூடித் தூக்கிலிடும் கொடுமை. இம்மாபெரும் பெயர்ச்சியை வரைய முற்பட்ட லாரன்ஸ், முதலில் தூரிகையைத் தொடவில்லை. ஹார்லத்தின் 135-ஆம் தெரு நூலகத்துக்குச் சென்று மாதக்கணக்கில் படித்தார். பின்னர் 1940-41-இல் 60 பலகைகள் வரைந்தார். ஒவ்வொன்றும் 12-க்கு 18 அங்குலமே. அறுபதையும் ஒருசேரப் பரப்பி, ஒரு வண்ணத்தை எடுத்து அது வேண்டிய பலகைகளிலெல்லாம் தீட்டி முடித்த பின்னரே அடுத்த வண்ணத்தைத் தொட்டார். அதனால் முதற்பலகையின் நீலமே இறுதிப்பலகையின் நீலமுமாயிற்று. பலகைகளைப் பதப்படுத்தவும், ஒவ்வொன்றின் கீழும் அமைந்த விளக்க வாசகங்களை எழுதவும் உடனிருந்து உதவியவர் ஓவியர் குவெண்டலின் நைட். அவரையே 1941-இல் மணந்தார். அப்போது லாரன்ஸுக்கு வயது 23.

முதற்பலகையில் ரயில் நிலையம். சிகாகோ, நியூயார்க், செயின்ட் லூயிஸ் என்னும் மூன்று வாயில்களை நோக்கிக் கூட்டம் நெருக்குகிறது. முகங்களில் கண்ணும் மூக்கும் தெளிவாக இல்லை; குனிந்த தோள்களே பேசுகின்றன. 15-ஆம் பலகையில் ஒரு கிளை, அதில் வெறுமையான சுருக்குக் கயிறு, கீழே குன்றி அமர்ந்திருக்கும் ஓர் உருவம். பிணத்தை அவர் காட்டவில்லை. காட்டியிருந்தால் நாம் கண்ணை மூடியிருப்போம். 58-இல் மூன்று சிறுமியர் கரும்பலகையில் கையுயர்த்தி எழுதுகின்றனர். 60-இல் மூட்டை முடிச்சுகளுடன் தண்டவாளத்தருகே மீண்டும் ஒரு கூட்டம். வருகை இன்னும் முடியவில்லை. இவற்றை விளங்கிக்கொள்ள எந்தப் பட்டம் வேண்டும்? தட்டையான வண்ணமும் கூர்மையான கோணமுமே இவற்றின் மொழி. தம் பாணியை இயக்கமுள்ள க்யூபிசம் என்று அவரே குறித்தார். இது நவீனமன்றெனில் வேறு எது நவீனம்?

1942-இல் நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சியகமும் வாஷிங்டனின் பிலிப்ஸ் காட்சியகமும் இத்தொடரைப் பங்கிட்டுக்கொண்டன. இரட்டைப்படை எண்கள் ஒருவருக்கு. ஒற்றைப்படை எண்கள் மற்றவருக்கு! ஒரு கோப்பின் பக்கங்களை இவ்வாறு இரு அலுவலகங்கள் பிரித்துக்கொண்டால் வழக்கு எந்நாளில் விளங்கும்? அன்று வாங்க ஆள் கிடைத்ததே பெரிதன்றோ என்பர். உண்மைதான். 1954-56-இல் அவர் வரைந்த அமெரிக்க வரலாற்றுத் தொடரின் 30 பலகைகள் தனியாரிடம் சென்று சிதறின. காணாமற்போனவற்றுள் இரண்டு 2020, 2021-ஆம் ஆண்டுகளில்தாம் நியூயார்க் வீடுகளில் கண்டெடுக்கப்பட்டன. அவ்விதியினின்று இத்தொடரை இரு காட்சியகங்களும் காத்தன. ஆயினும் கதையாகப் படைத்ததைக் கதையாகப் படிக்காமல், தனித்தனிச் சித்திரங்களாகக் கணக்கிட்ட மனப்பான்மையை நாம் ஏற்பதற்கில்லை.

போருக்குப் பின் அருவ ஓவியமே அமெரிக்காவின் கலையெனக் கொடிகட்டிப் பறந்தது. லாரன்ஸ் மனித உருவத்தைக் கைவிடவில்லை. தச்சரையும் கட்டடத் தொழிலாளரையும் வரைந்தார்; சியாட்டில் நகரப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய்ப் பணிபுரிந்தார்; 2000-இல் மறைந்தார். அவரைப் பழைமைவாதி என்று ஒதுக்கியோர், நவீனத்தின் எல்லையைத் தம் வீட்டு வேலியென்று எண்ணியவர்கள்.

இறுதியாக 53-ஆம் பலகை. உயர்ந்த தொப்பியணிந்த கனவானும் ஆடம்பர உடையணிந்த சீமாட்டியும் நிற்கின்றனர். இவர்கள் வெள்ளையரல்லர், முன்பே வடக்கில் வேரூன்றிவிட்ட கறுப்பினத்தவர். புதிதாய் வந்த தம்மவரை ஏளனமாய் நோக்கியவர்கள். தம் மக்களைப் பற்றிய இக்கசப்பான உண்மையையும் மறைக்காமல் வரைந்த நேர்மையே லாரன்ஸின் பெருமை.

நாம் சுருக்குக் கயிற்றுக்கு அஞ்சி ஓடி வந்தவர்களல்லர். தேர்வெழுதி, நியமன ஆணையுடன் வந்தவர்கள். அவர்தம் துயரோடு நம்மை ஒப்பிடுவது தகாது. ஆனால் 53-ஆம் பலகையின் முன் நாம் தலைநிமிர்ந்து நிற்க இயலுமா? நேற்று வந்திறங்கிய கூலித் தமிழரைச் சங்க விழாவில் எந்த வரிசையில் அமர்த்துகிறோம்? ஆண்டுதோறும் மலர் வெளியிட்டு மூவேந்தர் பெருமை பேசுகிறோம், பேசுக. முதன்முதலில் இந்நகரத்து ரயில் நிலையத்தில் இரும்புப் பெட்டியுடன் இறங்கிய நம் தந்தையரின் வரலாற்றையும் எழுதுக. அதில் நம் குறையையும் சேர்த்து எழுதுக. லாரன்ஸைப் போற்ற அதைவிடச் சிறந்த வழி இல்லை.