வீட்டுத் தமிழை நிறுத்தச் சொன்னால்...

மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குழந்தைக்கு மூன்று மொழி புதிதல்ல. வீட்டில் தமிழ், சம்பிகே சாலைக் கடைகளில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லையென்றால் உடனே ஓர் ஆலோசனை வந்துவிடும்: "வீட்டில் தமிழை விடுங்கள், இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்." உறவினர் சொல்கிறார், பள்ளியில் சொல்கிறார்கள், சில சமயம் மருத்துவரே சொல்லிவிடுகிறார்.

இதை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. பல மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறை உண்டாவதில்லை என்றுதான் ஆய்வுகளும் காட்டுகின்றன. தமிழை நிறுத்திய வீட்டில் நடப்பதென்ன? கொஞ்சலும் கதையும் செல்லக் கோபமும் போய், 'கம்', 'சிட்', 'ஈட்' என்ற கட்டளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. பாட்டி வாயை மூடிக்கொள்கிறார். பேச்சு கேட்க வேண்டிய குழந்தைக்குப் பேச்சே குறைந்துவிடுகிறது!

அதற்காகச் சும்மா இருக்கலாம் என்று பொருளல்ல. இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொற்களும், "அம்மா வா" போன்ற இரு சொல் தொடர்களும் வர வேண்டும். எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். அப்படியும் குறைந்தால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். "இவன் தாத்தாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று நாக்கில் வசம்பு தேய்த்துக் காத்திருப்பதில் வீணாவது குழந்தையின் காலம்.

இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள். மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இரயிலில் இரண்டு மூன்று மணி நேரத் தொலைவுதான். பெங்களூரிலேயே நிம்ஹான்ஸில் இதற்கெனத் துறை உண்டு. தனியாரிடம் போனால், 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். திக்குவாய்க்கும், வாரக்கணக்கில் நீடிக்கும் ஆசிரியர்களின் தொண்டைக் கம்மலுக்கும் வழி உண்டு. கம்மலுக்கு முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவர்.

பெரியவர்கள் விஷயம் வேறு. பக்கவாதத்தில் பேச்சிழந்தவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும்? முதலில் கற்றது என்றார் பிரெஞ்சு அறிஞர் ரிபோ. நோய்க்கு முன் அதிகம் புழங்கியது என்றார் 1895-இல் பித்ரே. இரண்டும் எல்லாரிடமும் பலிப்பதில்லை. நாற்பது ஆண்டு கன்னடத்தில் அலுவல் பார்த்தவர் என்றால் அதையும், வீட்டில் தமிழ் என்பதையும் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.

அதைவிட அவசரமானது விழுங்குதல். தண்ணீர் குடித்ததும் இருமல், குரலில் கரகரப்பு, அடிக்கடி காய்ச்சல் என்றால் நீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறதென்று சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு இருமல்கூட வராது. படுத்த நிலையில் அன்போடு ஊற்றும் ஒரு வாய்க் காப்பி நிமோனியாவில் முடியலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு சிறு வாயாகக் கொடுக்க வேண்டும். எவ்வளவு கெட்டியாகத் தரலாம், மூக்குக் குழாய் தேவையா என்பதையெல்லாம் விழுங்கும் சோதனை செய்தவரே சொல்ல முடியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.