பூட்டிய பணமும் முதல் மாத வாடகையும்

ஜெர்மனியில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் வீட்டுப் பேச்சில் ஒரு தொகை வந்து உட்கார்ந்துகொள்கிறது: 11,904 யூரோ. யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே பன்னிரண்டு லட்சத்துக்குப் பக்கம். உதவித்தொகையோ, செலவை ஏற்க ஜெர்மனியில் ஆளோ இல்லாதவர்கள், விசாவுக்காக இந்தப் பணத்தை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுக் காட்டுகிறார்கள். மாணவர்கள் மத்தியில் இதற்குப் பெயர் ‘பிளாக்டு அக்கவுன்ட்’. பணம் மாணவரின் பெயரில் இருக்கும். ஆனால் மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. ஜெர்மனியில் இறங்கும்வரை அதுவும் கிடையாது.

இந்த 992 யாரோ மனம்போனபடி சொன்ன எண் இல்லை. ஜெர்மனி தன் சொந்த மாணவர்களுக்குத் தரும் அரசு உதவித்தொகையின் உச்சவரம்பு அது. சாப்பாடு முதலான செலவுக்கு 475, வாடகைக்கு 380, மருத்துவக் காப்பீட்டுக்கு 137. மூன்றையும் கூட்டி, 12 மாதத்தால் பெருக்கினால் 11,904. 2024 செப்டம்பரில் இந்தத் தொகை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 11,208 ஆக இருந்தது. வந்த பிள்ளை கையில் காசில்லாமல் திண்டாடக் கூடாது என்று ஓர் அரசு நினைப்பதில் தவறில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. பணத்தை இவ்வளவு கவனமாக முன்கூட்டியே வாங்கி வைக்கும் ஏற்பாடு, அந்தப் பணம் மிகவும் தேவைப்படும் முதல் சில வாரங்களில் அதை ஏன் மாணவரின் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறது?

மாதத் தவணை நேராகக் கைக்கு வருவதில்லை. அன்றாடப் புழக்கத்துக்கான நடப்புக் கணக்கு ஒன்றை மாணவர் தனியாகத் திறந்து, அதன் எண்ணைக் கொடுத்த பிறகுதான் பணம் அதில் வந்து விழும். பல வங்கிகள் அந்தக் கணக்கைத் திறக்க உள்ளூர் முகவரிப் பதிவைக் கேட்கின்றன. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிவதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட சான்று வேண்டும். வீட்டு உரிமையாளரோ முன்பணம் கேட்கிறார், சம்பளச் சீட்டு கேட்கிறார், ஷூஃபா என்ற கடன் மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கையும் கேட்கிறார். நேற்று வந்திறங்கியவரிடம் இவற்றில் எது இருக்கும்? முன்பணம் கொடுக்கப் பணம் வேண்டும். பணம் வரக் கணக்கு வேண்டும். கணக்குக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு முன்பணம் வேண்டும்.

தற்காலிக விடுதியில் தங்கிக்கொண்டு வீடு தேடலாம் என்றால், அப்படிப்பட்ட பல இடங்களில் முகவரிப் பதிவுக்குச் சான்று தருவதில்லை. பெர்லின் போன்ற நகரங்களில் நகராட்சி அலுவலகத்தில் நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதிலும் அக்டோபரில், குளிர்காலப் பருவம் தொடங்கும்போது, எல்லா நாட்டு மாணவர்களும் ஒரே நேரத்தில் அதே வரிசையில் நிற்கிறார்கள். அதுவரை ஊரிலிருந்து கொண்டுபோன ஃபாரெக்ஸ் கார்டுதான் கதி. கடையில் அது செல்லும். ஆனால் காப்பீட்டு நிறுவனமும் செல்போன் நிறுவனமும் கணக்கிலிருந்து மாதாமாதம் தாங்களே எடுத்துக்கொள்ள ஐபான் என்ற சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்கின்றன. அந்த எண் ஃபாரெக்ஸ் கார்டில் இருப்பதில்லை.

இத்தனைக்கும் இந்த மாணவர் யார் என்று ஜெர்மனிக்குத் தெரியாதா? 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஏபிஎஸ் சான்று பெறுவது கட்டாயம். அதற்காக மதிப்பெண் பட்டியல் முதல் பட்டம்வரை சரிபார்க்கிறார்கள். விசாவுக்குக் கைரேகை எடுக்கிறார்கள். பிளாக்டு அக்கவுன்ட் திறக்கும் நிறுவனமும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் திறக்கிறது. மூன்று முறை சோதிக்கப்பட்டவர், ஊருக்குள் வந்ததும் வங்கி வாசலில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முகவரி இல்லாதவருக்குக் கணக்குத் தரவே முடியாது என்று எந்த வங்கியும் சொல்லிவிட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறையை ஒட்டி, 2016 ஜூனில் ஜெர்மனியில் அடிப்படைக் கணக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவரும், நிலையான வீடு இல்லாதவரும் அகதியும் உட்பட, அடிப்படைக் கணக்குக் கேட்கலாம். தகுந்த காரணமின்றி வங்கி மறுத்தால், பாஃபின் என்ற நிதி மேற்பார்வை ஆணையத்திடம் முறையிடலாம். விசாவோடு வந்த மாணவருக்கும் இந்த உரிமை உண்டு. வங்கி ஊழியர் கையை விரித்ததும் திரும்பிவிடாமல், அடிப்படைக் கணக்குக்கான விண்ணப்பப் படிவத்தைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

கனடா இதே காரியத்தை வேறு விதமாகச் செய்கிறது. அங்கே போகும் மாணவர்கள் ஜிஐசி என்ற வைப்புத் தொகையைக் கட்டிப் பண ஆதாரம் காட்டலாம். 2023 முடிவுவரை 10,000 கனடிய டாலராக இருந்த வரம்பு, 2024இல் 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895 ஆனது. இந்த உயர்வு குடும்பங்களின் முதுகை ஒடிப்பது உண்மை. ஆனால் பணத்தை வாங்குவது கிளைகளோடு இயங்கும் வங்கி. இறங்கியதும் அதே வங்கியில் பாஸ்போர்ட்டையும் படிப்பு அனுமதியையும் காட்டினால் வழக்கமான கணக்கு திறந்து, முதல் தவணையைத் தந்துவிடுகிறார்கள். பணம் கட்டிய இடமும் எடுக்கும் இடமும் ஒன்றாக இருப்பதால் நடுவில் யாரும் தவிப்பதில்லை.

ஜெர்மனியிலும் சில நிறுவனங்கள் இப்போது நடப்புக் கணக்கையும் சேர்த்தே தரத் தொடங்கியிருக்கின்றன. அதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடாமல், பிளாக்டு அக்கவுன்ட் நடத்துவதற்கே நிபந்தனையாக்க வேண்டும். விசா கையில் கிடைக்கும் நாளில் ஐபான் எண்ணும் அட்டையும் கிடைத்துவிட வேண்டும்.

அதுவரை குடும்பங்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளத்தான் வேண்டும். பணம் அனுப்பும் நாளிலேயே கவனம் தேவை. இங்குள்ள வங்கியில் ஏ2 படிவத்தை நிரப்பும்போது, இடைவழிக் கட்டணத்தை யார் ஏற்பது என்ற கேள்வி இருக்கும். பகிர்ந்துகொள்வதாகக் குறித்துவிட்டால், பணம் கடந்து போகும் வெளிநாட்டு வங்கி தன் பங்கைக் கழித்துக்கொள்ளும். 11,904 அனுப்பினால் 11,880 போய்ச் சேரும்; தொகை நிறையாததால் விசாவுக்கான உறுதிக் கடிதம் வராது. முழுக் கட்டணத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகக் குறித்து, கொஞ்சம் கூடுதலாகவும் அனுப்பிவிட வேண்டும். நிறுவனம் கொடுத்த குறிப்பு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் பணம் யாருடையது என்று தெரியாமல் நிற்கும். மாற்று விகிதத்தையும் விட்டுவிடக் கூடாது. ஒரு ரூபாய் வித்தியாசம் என்பது இந்தத் தொகையில் 11,904 ரூபாய். இரண்டு மூன்று வங்கிகளில் விசாரிப்பதற்கு ஆகும் அரை நாள் வீணில்லை.

பூட்டிய பணத்தை முதல் மாதச் செலவுக்கு நம்பவே கூடாது. மியூனிக்கில் ஓர் அறைக்கே 700 யூரோ சாதாரணம். பராமரிப்புச் செலவு நீங்கலான வாடகையில் மூன்று மாத அளவுவரை முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த முன்பணத்தை மூன்று மாதத் தவணையாகக் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு என்பதையும் அதே சட்டம் சொல்கிறது. முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் கடன் கேட்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். கன்சல்டன்சிகள் விசாவோடு தங்கள் வேலை முடிந்ததாக நினைப்பது சரியில்லை.

ஊரில் விட்டுப்போகும் கணக்கையும் மறந்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் படிக்கும் மாணவர்களை அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வெளிநாடு வாழ் இந்தியராகவே ரிசர்வ் வங்கி கருதுகிறது. ஆகவே சேமிப்புக் கணக்கை அத்தகையவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் இந்திய சிம் செயலிழந்தால் ஓடிபி வராது. அவசரத்துக்கு இங்குள்ள பணத்தையும் தொட முடியாது.

ஜெர்மனியில் 2023-24 குளிர்காலப் பருவத்தில் படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,500 பேர்; வெளிநாட்டு மாணவர்களில் அவர்களே முதலிடம். 2022 டிசம்பரில் இரு நாடுகளும் குடிபெயர்வு, நடமாட்டக் கூட்டாண்மை ஒப்பந்தத்தில் டெல்லியில் கையெழுத்திட்டன. அதன் நடைமுறையைப் பார்த்துக்கொள்ளக் கூட்டுப் பணிக்குழுவும் உண்டு. விசாவோடு ஒரு நடப்புக் கணக்கு என்ற இந்தக் கோரிக்கையை, அடுத்த அக்டோபர் கூட்டம் விமானம் ஏறுமுன், இந்தியத் தரப்பு அந்தக் குழுவில் வைக்க வேண்டும்.