அம்புக்குறி ஏன் நின்றது?

கம்பியில்லா மௌஸ் இன்று பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டிலும், கடைக்காரரின் கணக்கு மேசையிலும், பங்கு அலுவலகத்திலும் குடிபுகுந்துவிட்டது. அது ஒழுங்காய் ஓடுங்கால் அதை நினைப்பார் எவருமிலர். நின்றுவிட்டாலோ, நம் வாயினின்று உடனே வெளிப்படும் தீர்ப்பு ஒன்றே: “மௌஸ் போய்விட்டது!” அத்தீர்ப்பு பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. அதை நாம் வெட்கத்துடன் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம் அலுவலகத்திலுள்ள பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைக் கறையானுக்குப் பயந்து பக்கம் பக்கமாகப் படமெடுத்து, கணிப்பொறியில் சேர்த்து வந்தோம். பிரதி ஒன்று தனியே இருக்கட்டும் என்று, வெளியில் வைத்து இணைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் வாங்கினோம். அன்று பிடித்தது தொல்லை. திரையில் அம்புக்குறி சிறிது ஓடும், தடுக்கி நிற்கும், பின்பு திடீரென மூலைக்குத் தாவும். அலுவலக வேலையில் நமக்குத் துணையாயிருக்கும் இளைஞன்மீது நம் சந்தேகம் விழுந்தது. “கீழே போட்டுவிட்டாயா, தம்பி?” என்றோம். “இல்லை, சாமி” என்றான். மறுநாளும் கேட்டோம். மூன்றாம் நாள் அதைக் கேள்வியாக அன்றிக் குற்றச்சாட்டாகவே சொல்லிவிட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. முகம் மட்டும் வாடிற்று.

பிறகு புதிய மௌஸ் ஒன்று வாங்கிவந்தோம். அதுவும் அதே மேசையில், அதே விதமாகத் தடுக்கித் தடுக்கி நின்றது! இதை யார் கீழே போட்டார்? நாம் விழித்துக்கொண்டிருக்கையில் அவ்விளைஞனே மெல்லச் சொன்னான்: “சாமி, ஹார்ட் டிஸ்கில் நகல் ஏறும்போதுதான் நிற்கிறது. ஏறி முடிந்ததும் ஓடுகிறது.” நாம் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவனோ பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரணம் யாதெனில், மௌஸின் வயிற்றுக்குள் மிகச் சிறிய வானொலி நிலையம் ஒன்று உள்ளது. நாம் கையை அசைக்குந்தோறும், ‘இவ்வளவு வலப்புறம், இவ்வளவு மேலே’ என்று அது ஒரு நொடிக்குள் பன்முறை செய்தி அனுப்புகிறது. கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையில் நாம் செருகும் கட்டைவிரல் நகமளவான துண்டே அதைக் கேட்கும் ரிசீவர். இவ்விரண்டும் பேசிக்கொள்வது ஏறத்தாழ 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில். உரிமம் இன்றி எவரும் உபயோகிக்கலாம் என்று உலகின் பல நாடுகள் திறந்துவைத்திருக்கும் பொதுத்தெரு அது. ஆகவே அங்கே கூட்டமும் மிகுதி. வைஃபை அதில் செல்கிறது. புளூடூத் அதில் செல்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதனை ஒட்டியே, அதாவது 2.45 கிகாஹெர்ட்ஸில், வேலை செய்கிறது. இத்தனைக்கும் இடையே மௌஸ் தன் காரியத்தைச் சமாளித்துக்கொள்கிறது. கெடுப்பவன் வேறொருவன், அவன் அடுத்த வீட்டிலேயே இருக்கிறான்.

2008-ஆம் ஆண்டில் யு.எஸ்.பி. 3.0 என்னும் புதிய முறை வெளியாயிற்று. நொடிக்கு 5 கிகாபிட் வேகம். பழையதைவிடப் பத்து மடங்குக்கு மேல். பல கணிப்பொறிகளில் நீல நிறம் தீட்டிய துளைகளாக இவற்றைக் காணலாம். இவ்வளவு வேகத்தில் செய்தி பாயும்போது, துளையிலிருந்தும் கம்பியிலிருந்தும் ஒருவித மின்னிரைச்சல் வெளியே கசிகிறது. அது பரவும் இடங்களில் நம் மௌஸ் பேசும் அந்த 2.4 கிகாஹெர்ட்ஸும் ஒன்று. இன்டெல் நிறுவனமே இதனை ஆராய்ந்து 2012-இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கையில் இரைச்சல் குறைவு. நகல் ஏறத் தொடங்கினால் மிகுதி. நாமோ ஹார்ட் டிஸ்கை ஒரு துளையிலும், ரிசீவரை அதன் பக்கத்துத் துளையிலும் செருகி வைத்திருந்தோம். தேர்த் திருவிழாவில் மேளத்தினருகே நின்றுகொண்டு, ஒருவர் காதோடு சொல்லும் இரகசியத்தைக் கேட்க முயன்றவர்களுக்குத் தெரியும், அந்த ரிசீவர் பட்ட பாடு.

பரிகாரம் மிக எளியது. அரை மீட்டர் நீளமுள்ள யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை வாங்கி, அதன் நுனியில் ரிசீவரைச் செருகி, மௌஸின் அருகிலேயே மேசைமேல் வைத்தோம். பழைய மௌஸ் அந்த நிமிடமே ஓடிற்று. வயர் கிடைக்காதவர்கள் ரிசீவரைக் கணிப்பொறியின் மறுபக்கத்துத் துளைக்கு மாற்றினாலும் பெரும்பாலும் போதும். மேசைக்கடியில் வைக்கும் பெரிய கணிப்பொறியாயின் ரிசீவரைப் பின்புறம் செருகவே வேண்டாம். இடையிலுள்ள இரும்புப் பெட்டி அலையை மறைக்கும்.

நிற்க. எல்லாத் தொல்லையும் இரைச்சலால் வருவதன்று. தடுக்கித் தடுக்கி ஓடினால் வழியில் குறுக்கீடு என்று கொள்ளலாம். அடியோடு அசையாவிட்டால் முதலில் பாட்டரியையும், மௌஸின் அடியிலுள்ள சிறு சுவிட்சையும் பாருங்கள். (பையில் வைத்து எடுக்கையில் அந்தச் சுவிட்ச் தானே நகர்ந்துவிடுவது உண்டு.) அடியில் சிவப்பு வெளிச்சம் தெரியவில்லை என்பதற்காகப் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம், கண்ணுக்குப் புலனாகா ஒளியில் இயங்கும் மௌஸ்களும் இருக்கின்றன. கண்ணாடி மேசையானால் ஒரு தாளை விரித்துப் பாருங்கள். விசைப்பலகையும் சேர்ந்து செயலற்றுப்போயிருந்தால் குற்றம் கணிப்பொறியினுடையதாகவே இருக்கலாம். சந்தேகம் தீராவிடில், மௌஸையும் ரிசீவரையும் வேறொரு கணிப்பொறியில் மாட்டிப் பார்ப்பதைப் போன்ற நல்ல சோதனை வேறில்லை.

இரண்டு மௌஸ் உள்ள வீடுகளில் ரிசீவர்கள் இடம் மாறிவிடுவதும் அடிக்கடி நேர்வது. ஒவ்வொரு ரிசீவரும் தன் மௌஸின் குரலை மட்டுமே அறியும். பக்கத்து வீட்டு மௌஸ் நம் திரையை ஆட்டாதிருப்பது அதனாலேயே. 2009-இல் லாஜிடெக் கொண்டுவந்த ஒருவகை ரிசீவர், அதற்கென்று செய்த ஆறு கருவிகள் வரை ஏற்கும். ஆனால் மற்றவற்றிடம் அதை எதிர்பார்க்கலாகாது. ரிசீவரே இல்லாத புளூடூத் மௌஸாயின், அமைப்புகளில் அதன் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாய் இணைப்பதே வழி.

ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, படிவம் பாதி நிரம்பியிருக்கையில் மௌஸ் நின்றால்? இதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவைப்பது நலம். டேப் விசை ஒவ்வொரு கட்டமாக முன்னே கொண்டுசெல்லும். ஷிஃப்டுடன் சேர்த்து அழுத்தினால் பின்னே வரும். எண்டர் பொத்தானை அமுக்கும். விண்டோஸ் கணிப்பொறியில் இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம்லாக் ஆகிய மூன்றையும் ஒன்றாய் அழுத்தி, வரும் கேள்விக்கு எண்டர் தட்டினால், வலப்புற எண்விசைகளே மௌஸாகிவிடும்: 4-உம் 6-உம் இடம் வலம், 8-உம் 2-உம் மேல் கீழ், 5 சொடுக்கும். எண்விசைகள் தனியே இல்லாத மடிக்கணினியில் இவ்வுபாயம் உதவாது, டேப் உதவும்.

பதிவேடுகளின் நகல் ஏறி முடிந்த அன்று மாலை, குற்றம் நம்முடையதே என்று அவ்விளைஞனிடம் சொன்னோம். “பரவாயில்லை, சாமி” என்றான். புதிய மௌஸை வீட்டுக்கு எடுத்துக்கொள் என்று நீட்டினோம், வாங்க மறுத்துவிட்டான். அது இழுப்பறையில் கிடக்கிறது. அதன் பாட்டரி மட்டும் அலுவலகத்துச் சுவர்க்கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.