களம் காணாத எம்.இ. வேண்டாம்

மின்பொறியியலில் முதுநிலைப் பட்டம் பெற என்னென்ன வேண்டும் என்று கேட்டால், விதிப்புத்தகம் வரிசையாகச் சொல்லிவிடும். பி.இ.யில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண்; இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சற்றுத் தளர்வு. கேட் தேர்வு மதிப்பெண், அல்லது 2023 முதல் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திவரும் ‘சீட்டா’ நுழைவுத்தேர்வு மதிப்பெண். பிறகு இரண்டு ஆண்டு, நான்கு பருவம், 75 விழுக்காடு வருகைப்பதிவு, தாள்கள். மூன்றாம் பருவத்தில் தொடங்கி நான்காம் பருவத்தில் முடியும் திட்டப்பணி. கடைசியாக ஒரு வாய்மொழித் தேர்வு.

இந்தப் பட்டியலில் ஒரு பொறியாளரை உண்மையில் முதுநிலைக்கு உயர்த்துவது திட்டப்பணி ஒன்றுதான். தாள்களும் வருகைப்பதிவும் பி.இ.யிலும் உண்டு. ஆனால் இன்று மிக எளிதாகக் கடந்துவிடக்கூடியதாக ஆகியிருப்பதும் அதுவேதான். உண்மையான ஒரு மின்பாதையையோ, கருவியையோ, அளவீட்டையோ தொடாத திட்டப்பணிக்கு எம்.இ. பட்டம் தரக் கூடாது. அண்ணா பல்கலைக்கழகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இதை விதியாகவே எழுத வேண்டும்.

சென்னையின் தெற்குப் புறநகரைப் பாருங்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகம், மேற்குத் தாம்பரம், வண்டலூர், காட்டாங்குளத்தூர் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி ஒரு வரிசை. சேலையூர், மேடவாக்கம், கேளம்பாக்கம் என்று கிழக்கே இன்னொரு வரிசை. பொறியியல் கல்லூரிகள் இப்படி நெருங்கிக் கிடக்கும் பகுதி தமிழ்நாட்டில் அதிகமில்லை. கல்லூரிகளைச் சுற்றி முளைத்திருக்கும் ‘ப்ராஜெக்ட் சென்டர்’ அறிவிப்புகளுக்கும் குறைவில்லை. ஐ.இ.இ.இ. தலைப்புகள், மேட்லாப் சிமுலேஷன், அறிக்கை, பிபிடி எல்லாம் ஒரே இடத்தில், ஒரே கட்டணத்தில். அங்கே நடப்பது என்ன என்பது துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டு ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையின் சுற்றைக் கணினியில் வரைவார்கள். இரண்டு மதிப்புகளை மாற்றுவார்கள். அலைவடிவத்தைப் படமெடுத்து அறிக்கையில் ஒட்டிப் பைண்டிங் செய்துவிடுவார்கள். வாய்மொழித் தேர்வில் ‘இந்த மின்தேக்கிக்கு ஏன் இந்த மதிப்பு?’ என்று கேட்டால் மாணவர் தன் வழிகாட்டியைப் பார்ப்பார். வழிகாட்டி தேர்வாளரைப் பார்ப்பார். பட்டம் வந்துவிடும்.

மாணவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எம்.இ. படித்தால் கிடைக்கும் வேலை எது என்று பாருங்கள். மின்வாரியத்தின் உதவிப் பொறியாளர் பணிக்கு அடிப்படைத் தகுதி பி.இ.தான். என்.டி.பி.சி., பவர் கிரிட் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் கேட் மதிப்பெண்ணைக் கொண்டு பி.இ. முடித்தவர்களை நேராகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. ஆக, கேட்டில் மேலே வந்தவர்கள் வேலைக்கோ ஐ.ஐ.டி.க்கோ போய்விடுகிறார்கள். உள்ளூர்க் கல்லூரியில் எம்.இ. சேருபவருக்கு எஞ்சியிருக்கும் பெரிய வாசல் ஆசிரியர் பணி. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.இ. கட்டாயம் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதும் அதன் விதி. அங்கீகாரத்துக்காகக் கல்லூரி தலையை எண்ணுகிறது. அந்தத் தலைக்கு ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. சான்றிதழுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பார் இல்லை.

இந்த எண்ணும் வேலை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2024 ஜூலையில் நாடே பார்த்தது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்டது. அந்தப் பட்டியலில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பெயர்கள் இருந்தன. ஓர் ஆள் பல கல்லூரிகளில் இருப்பதாக எழுதத் துணிந்தவர்கள், அந்த ஆளின் எம்.இ. திட்டப்பணி எப்படி முடிந்தது என்றா கவலைப்பட்டிருப்பார்கள்? அப்படிப் பட்டம் வாங்கியவர் வகுப்பில் நின்று அடுத்த தலைமுறைக்கு மின்காப்பு ரிலேயை விளக்குகிறார் என்பதுதான் இதில் மிகப் பெரிய கேடு.

மாணவர் பணியில் கண்டிப்பு என்றால் என்ன என்று குரோம்பேட்டைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சி. ராஜம் 1949இல் தொடங்கிய எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், தன் வடிவமைப்புப் பணி பின்தங்கியபோது, மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று இயக்குநர் சீனிவாசன் எச்சரித்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். இரவும் பகலும் வரைபலகையில் உட்கார்ந்து அவர் முடித்தார். ஒரு மாணவரின் வரைபடத்தை இயக்குநரே வந்து பார்த்து, போதாது என்று முகத்துக்கு நேரே சொன்ன இடம் அது. அந்தக் கண்டிப்பைத்தான் இன்று கேட்கிறோம்.

தலைப்புக்கா பஞ்சம்? இந்தப் புறநகரே ஒரு மின்பொறியியல் ஆய்வுக்கூடம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் பாதையில் 1931இலேயே 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ரயில் ஓடியது. அறுபதுகளில் அந்தப் பாதை 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. தாம்பரம் பணிமனையில் இன்றும் மின்தொடர் வண்டிகள் பராமரிக்கப்படுகின்றன. பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. 10,000 மெகாவாட்டுக்கும் மேல் காற்றாலைத் திறன் உள்ள மாநிலத்துக்கு, அடுத்த சில மணி நேரத்தில் எவ்வளவு காற்று மின்சாரம் வரும் என்று கணிப்பது அன்றாடத் தேவை. தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம். தாம்பரத்திலேயே மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஆலைகள்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், முடிச்சூருக்குப் போனால் போதும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஏறிய தெருக்களில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. தெருவோரத்தில் தரையோடு தரையாக நிற்கும் பில்லர் பாக்ஸ்களுக்குள் தண்ணீர் புகுந்தால், அந்தப் பகுதி முழுவதையும் அணைப்பதைத் தவிர வாரியத்துக்கு வேறு வழியில்லை. எந்தப் பெட்டியை எத்தனை அடி உயர்த்த வேண்டும், எந்தப் பகுதியைத் தனியே துண்டித்து மற்ற தெருக்களுக்கு மின்சாரம் கொடுக்கலாம், தண்ணீர் ஏறுவதை உணர்ந்து தானே துண்டிக்கும் கருவியை எவ்வளவு செலவில் செய்யலாம் என்பவை எல்லாம் முதல்தரமான எம்.இ. கேள்விகள். 2024இல் மத்திய அரசின் கூரைச் சூரியமின் திட்டம் வந்த பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. ஒரே தெருவில் பல வீடுகள் நண்பகலில் மின்சாரத்தை வலைக்குத் திருப்பி அனுப்பினால், டிரான்ஸ்பார்மரிலிருந்து தொலைவில் இருக்கும் கடைசி வீட்டில் மின்னழுத்தம் ஏறுகிறது. வரம்பு மீறினால் இன்வெர்ட்டர் நின்றுவிடும். எந்தத் தெருவில், எத்தனை கிலோவாட்டில் இது நடக்கும்? ஒரு மாணவர் அளவுமானியை எடுத்துக்கொண்டு போய் இரண்டு மாதம் அளந்தால் வாரியத்துக்கே பயன்படும் விடை கிடைக்கும். கணினி உருவகப்படுத்தல் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. அளந்ததோடு அதை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்கிறோம்.

ஜெர்மனியில் முதுநிலைப் படிப்பின் 120 மதிப்பலகுகளில் 30 ஆய்வேட்டுக்கு என்பது வழக்கம். தொழில் நிறுவனத்திலேயே தங்கி அதை முடிப்பவர்கள் ஏராளம். சென்னை ஐ.ஐ.டி.யின் எம்.எஸ். பட்டத்தில் பாடங்கள் சில. ஆய்வேடு தேறினால்தான் பட்டம். அடையாறில் முடிவது தாம்பரத்தில் முடியாதா?

‘மின்வாரியம் மாணவரைத் துணைமின்நிலையத்துக்குள் விடாது’ என்பார்கள். பாதுகாப்புப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் நுகர்வோரின் அடையாளத்தை நீக்கிவிட்டு, டிரான்ஸ்பார்மர்வாரியாகச் சுமைத் தகவலைக் கொடுப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. மின்பகிர்மானக் கழகம் பகுதிக் கல்லூரிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, தன் பொறியாளர் ஒருவரை ஒவ்வொரு திட்டப்பணிக்கும் வெளித்தேர்வாளராக அனுப்பலாம். களத்தில் இருபது ஆண்டு கழித்தவர் கேட்கும் கேள்விக்குமுன் விலைக்கு வாங்கிய அறிக்கை நிற்காது. ‘எங்களிடம் ஆய்வகம் இல்லை’ என்று சொல்லும் கல்லூரிக்கு நம் பதில் ஒன்றுதான்: அப்படியானால் எம்.இ. நடத்தாதீர்கள்.

கண்டிப்பைக் கூட்டும்போது கையையும் பிடிக்க வேண்டும். கேட் தேறி எம்.இ. சேருபவருக்கு ஏ.ஐ.சி.டி.இ. மாதம் 12,400 ரூபாய் தருகிறது. 8,000 ரூபாயிலிருந்து இந்தத் தொகைக்கு உயர்த்தியது 2014 டிசம்பரில். அன்றைய தாம்பரம் வாடகை வேறு, இன்றைய வாடகை வேறு. சீட்டா வழியாக வருபவருக்கு இந்தத் தொகையும் இல்லை. டியூஷன் எடுத்தும் பகுதிநேர வேலை பார்த்தும் படிக்கும் பிள்ளையிடம் இரண்டு மாதம் தெருவில் அளவெடு என்று சொல்ல, நமக்கு அருகதை வேண்டும். உதவித்தொகையை மத்திய அரசு உயர்த்த வேண்டும். களத் திட்டப்பணி செய்யும் சீட்டா மாணவர்களுக்கு மாநில அரசு தனியே ஒரு தொகை தர வேண்டும். வாரியத்திலும் ரயில்வேயிலும் பணியில் இருக்கும் இளம் பொறியாளர்கள் மாலை வகுப்பில் எம்.இ. படிக்க இன்னும் தாராளமாக வழிவிட வேண்டும். அவர்கள் தம் வேலையிடத்துச் சிக்கலையே திட்டப்பணியாகக் கொண்டுவருவார்கள்.

பல்கலைக்கழகம் அடுத்தமுறை பாடத்திட்ட விதிகளைத் திருத்தும்போது மூன்று வரி சேர்த்தால் போதும்: அளவீடு கட்டாயம், தொழில்துறை வெளித்தேர்வாளர் கட்டாயம், தேறிய ஒவ்வோர் ஆய்வேடும் பொதுமக்கள் படிக்கும்படி இணையத்தில் வெளியாக வேண்டும். மூன்றாவது விதி வந்தாலே, ஒரே அறிக்கை நான்கு கல்லூரிகளில் நான்கு பெயர்களில் உலவுவது நின்றுபோகும்.

அதுவரை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கட்டணம் கட்டுவதற்கு முன் துறைத் தலைவரைப் பார்த்து, சென்ற ஆண்டு எம்.இ. முடித்தவர்களின் ஆய்வேடுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத கல்லூரியில் சேராதீர்கள்.